கொதிக்கும் அமிலத்தில் குடித்தனம்

மனித உடலைக் கரைத்துவிடும் தண்ணீரில் சௌக்கியமாக வாழும் நுண்ணுயிர்கள் உயிரியல் பாடப் புத்தகத்தையே திருத்தி எழுத வைத்தன. வெப்பத்தை விரும்பும் இத்தகைய ஜீவன்கள் இந்தியாவின் வெந்நீர் ஊற்றுகளிலும் உண்டு. தேடுபவர்கள்தான் குறைவு.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மரப்பலகை நடைபாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்பது விதி. 2016 ஜூன் மாதம் அங்கே நாரிஸ் என்ற ஊற்றுப் படுகையில் 23 வயது இளைஞர் ஒருவர் இறங்கினார். கால் வழுக்கி ஓர் ஊற்றுக்குள் விழுந்தார். மீட்புக் குழு வேலையில் இறங்கியபோது இடியும் மின்னலும் குறுக்கிட்டன. உடலை எடுக்க முடியாமல் திரும்பினார்கள். மறுநாள் போனபோது எடுப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கொதிக்கும் அமிலம் தன் வேலையை முடித்திருந்தது.

இந்தப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள், பீச்சியடிக்கும் நீரூற்றுகள், ஆவித் துளைகள், கொதிக்கும் சேற்றுக் குழிகள் என்று 10,000-க்கும் மேல் இருக்கின்றன. அமிலம் மிகுந்தவை நாரிஸில்தான் அதிகம். அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். மண் வெளுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு குழியிலிருந்து ஒரு துளி நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் காட்சி வேறு. கந்தகத் துகள்களைப் பற்றிக்கொண்டு, கோணல்மாணலாக உருட்டிய சீடைகளைப் போலக் குட்டிக் குட்டிச் செல்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். அத்தனையும் உயிரோடு இருக்கின்றன.

பெயர் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: கந்தகம், மடல், அமிலம், வெந்நீர். இதற்கு உகந்த சீதோஷ்ணம் 75 முதல் 80 டிகிரி சென்டிகிரேட். உகந்த புளிப்பு, எலுமிச்சைச் சாற்றுக்கும் வினிகருக்கும் இடைப்பட்டது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். கணக்கில் இது 2-லிருந்து 3 வரை. நல்ல தண்ணீர் 7. இந்தக் கணக்கில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். ஆக, பி.எச். 2 என்பது நல்ல தண்ணீரைவிட ஒரு லட்சம் மடங்கு அமிலம்.

அமிலம் எங்கிருந்து வருகிறது? பூமிக்கு அடியில் இருக்கும் எரிமலைக் குழம்பின் சூட்டில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு நீராவியோடு மேலே வருகிறது. காற்றுப் பட்டதும் அது கந்தகமாகிறது. கந்தகம் மேலும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. ஆழத்திலிருந்து தண்ணீர் தாராளமாகப் பொங்கும் இடங்களில் அமிலம் கரைந்து போய்விடும். அந்த ஊற்றுகள் தெளிவாக, பெரும்பாலும் காரத்தன்மையோடு இருக்கும். ஆவியும் வாயுவும் மட்டும் மேலே வரும் இடத்தில்தான் அமிலக் குழிகள் உருவாகின்றன. இந்த ரசாயன வேலையில் பாதியை நுண்ணுயிர்களே செய்கின்றன என்பதுதான் வேடிக்கை. சல்ஃபோலோபஸ் கந்தகத்தைத் தின்று, ஆக்ஸிஜனைச் சுவாசித்து, கந்தக அமிலத்தைக் கழிவாக வெளியேற்றுகிறது. தான் குடியிருக்கும் குளத்தைத் தானே புளிக்க வைத்துக்கொள்கிறது. போட்டிக்கு யாரும் வர மாட்டார்கள். பாலில் விழுந்த தயிர் பாக்டீரியா செய்வதும் ஏறக்குறைய இதேதான்.

சுற்றுலா வந்த பேராசிரியர்

இதையெல்லாம் கண்டுபிடித்தவர் பூங்காவுக்கு முதலில் வந்தது வேடிக்கை பார்க்கத்தான். தாமஸ் பிராக், இண்டியானா பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர். 1964-ல் ஒரு பயணத்தின் வழியில் எல்லோஸ்டோனில் இறங்கினார். ஊற்றிலிருந்து வழிந்தோடும் வாய்க்கால்களில், சூடு குறையக் குறைய நிறம் மாறிக்கொண்டே போவதைக் கவனித்தார். அந்த நிறங்கள் உயிருள்ளவை என்பது அவருக்குப் புரிந்தது. மறு ஆண்டே ஆராய்ச்சிக்குத் திரும்பி வந்தார்.

வெப்பத்தை விரும்பும் பாக்டீரியா என்றால் 55 அல்லது 60 டிகிரியில் வளர்பவை என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்குக் காரணமும் எளிமையானது. தேடியவர்கள் இன்குபேட்டரை 55 டிகிரியில் வைத்துத் தேடினார்கள். அந்தச் சூட்டில் வளர்பவைதான் கிடைத்தன. பிராக் பரிசோதனைச் சாலையை நம்பவில்லை. கண்ணாடிச் சில்லுகளை நூலில் கட்டி நேராகக் கொதிக்கும் ஊற்றுக்குள் தொங்கவிட்டார். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் சில்லுகளின் மேல் பாக்டீரியாக்கள் அப்பிக் கிடந்தன.

1966-ல் அவரும் இளநிலை மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றிலிருந்து 70 டிகிரியில் வளரும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் தெர்மஸ் அக்வாட்டிகஸ். இது அமிலப் பிராணி அல்ல, சூடு மட்டும் தாங்குவது. இதன் கதை பிறகு வரும்.

அதன் பின் பிராக் குழுவின் கவனம் அமிலக் குழிகள் பக்கம் திரும்பியது. 1970-ல் தெர்மோபிளாஸ்மா என்ற விசித்திரப் பிறவி கிடைத்தது. ஊற்றில் அல்ல, இண்டியானாவில் தானாகவே தீப்பற்றிப் புகைந்துகொண்டிருந்த நிலக்கரிக் கழிவு மேட்டில். செல்லுக்குச் சுவரே கிடையாது, ஆனாலும் சுமார் 59 டிகிரிச் சூட்டில் பி.எச். 2 அளவு அமிலத்தில் வளர்ந்தது. நல்ல தண்ணீரில் விட்டால் சிதைந்து செத்துவிடும். (ஜரியா நிலக்கரிப் படுகைக்குள் 1916-லிருந்து தீ எரிந்துகொண்டிருக்கும் நாட்டில் இது யோசிக்க வேண்டிய செய்தி.) 1972-ல் சல்ஃபோலோபஸ் பற்றிய கட்டுரை வெளியானது.

இன்னும் மோசமான ஆசாமிகள் பின்னால் வந்தார்கள். 1995-ல் ஜப்பானின் ஹொக்காய்டோ தீவில் கந்தகப் புகை கக்கும் மண்ணிலிருந்து கிடைத்த பிக்ரோஃபிலஸுக்கு பி.எச். 0.7-தான் சொர்க்கம். பூஜ்யத்தை ஒட்டிய அமிலத்திலும் வளரும். நம் இரைப்பையின் அமிலம்கூட அதற்குச் சற்று மந்தம்.

ஓட்டைப் படகு

முட்டையை வேக வைத்தால் வெள்ளைக் கரு கெட்டியாகிறது. ஆற வைத்தாலும் பழையபடி ஆவதில்லை. புரதங்கள் மடிப்புக் கலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் காரணம். 80 டிகிரியில் வாழும் செல்லில் ஆயிரக்கணக்கான புரதங்கள் மடிப்புக் கலையாமல் வேலை செய்தாக வேண்டும். சல்ஃபோலோபஸின் புரதங்கள் இறுக்கமாக மடிந்தவை. போதாக்குறைக்கு, கலைந்தவற்றைத் திருப்பி மடிக்கவும், தேறாதவற்றை வெட்டிப் போடவும் தனிப் புரதங்கள் உண்டு. டி.என்.ஏ.வின் இரு இழைகளும் சூட்டில் பிரிந்துவிடாமல் இன்னும் இறுக்கி முறுக்கிவிடும் என்சைம் ஒன்றும் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1984-ல் அதை முதலில் கண்டது சல்ஃபோலோபஸில்தான். மிகக் கடுமையான சூட்டில் வாழும் உயிர்கள் அனைத்திலும் பின்னர் அது கிடைத்தது.

ஆனால் உண்மையான வித்தை செல்லின் மேல் தோலில் இருக்கிறது. நம் செல்களின் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகளாலான இரண்டு வரிசை. இரு வரிசை ஆட்கள் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். சூடு ஏறினால் ஆட்கள் நெளிவார்கள், வரிசை கலையும், இடையில் ஓட்டை விழும். சல்ஃபோலோபஸில் இரண்டு ஆட்களின் முதுகையும் சேர்த்தே தைத்தாயிற்று. ஒரே நீண்ட மூலக்கூறு சவ்வின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை நீள்கிறது. பிரிந்து போக வழியே இல்லை. அதில் தலையையும் வாலையும் இணைக்கும் ரசாயனப் பிணைப்பும் நம்முடையதைப் போல எஸ்டர் அல்ல, ஈதர். எஸ்டர் பிணைப்பைச் சூடும் அமிலமும் சுலபமாக வெட்டிவிடும். ஈதரிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

இத்தனை பந்தோபஸ்து எதற்கு? செல்லுக்குள்ளே அமிலம் இல்லை. அங்கே பி.எச். ஏறக்குறைய 6.5, நம் வீட்டுக் குடிநீரை ஒட்டிய அளவு. வெளியே பி.எச். 2.5 என்றால், மெல்லிய ஒரே ஒரு சவ்வுக்கு இரு பக்கமும் 10,000 மடங்கு வித்தியாசம். அமிலத்தின் சாரமான ஹைட்ரஜன் அயனிகள் இடைவிடாமல் உள்ளே நுழையப் பார்க்கின்றன. செல் அவற்றை இடைவிடாமல் வெளியே இறைக்கிறது. ஓட்டைப் படகில் தண்ணீரை மொண்டு ஊற்றுகிற மாதிரி, நிறுத்தினால் முழுகிவிடும். அதே சமயம், மதகு வழியே பாயும் நீரில் டர்பைன் சுற்றுவதைப் போல, உள்ளே நுழையும் அயனிகளை ஒரு குறிப்பிட்ட வாசல் வழியாக விட்டு அதிலிருந்து தனக்கு வேண்டிய சக்தியையும் தயாரித்துக்கொள்கிறது. கொல்ல வருவதையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம்.

மூன்றாவது கிளை

பிராக் இவற்றைக் கண்டுபிடித்தபோது வினோதமான பாக்டீரியாக்கள் என்றே நினைத்தார். வேறு யாரும் வேறு மாதிரி நினைக்கவும் இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் என்ற கூச்ச சுபாவி உட்கார்ந்து, செல்களுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற அமைப்பின் ஆர்.என்.ஏ.க்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். உருவத்தைப் பார்த்து உறவு சொல்லாமல், இந்த மூலக்கூறின் எழுத்து வரிசையைப் பார்த்து உறவு சொல்வது அவர் முறை. 1977-ல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அறிவித்தார்கள்: மீத்தேன் வாயு தயாரிக்கும் சில நுண்ணுயிர்கள் பாக்டீரியா அல்ல, தாவரம், விலங்கு கூட்டத்தைச் சேர்ந்தவையும் அல்ல. மூன்றாவதாக ஒரு குலம்.

செய்தி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. விஞ்ஞான உலகம் சிரித்தது. நோபல் பரிசு பெற்ற சல்வடோர் லூரியா, வோஸின் சகாவான ரால்ஃப் உல்ஃபை தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள்ளும்படி எச்சரித்தார். ஆனால் சீக்கிரமே சல்ஃபோலோபஸும் தெர்மோபிளாஸ்மாவும் அதே குலம் என்று தெரிந்தது. அவற்றின் சவ்வில் இருந்த ஈதர் பிணைப்பு, பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் பொருள் அவற்றில் இல்லாதது என்று ஒவ்வொரு சாட்சியமும் வோஸ் பக்கமே சேர்ந்தது. 1990-ல் இந்தக் குலத்துக்கு ஆர்க்கியா என்ற பெயர் நிலைத்தது. வோஸுக்கு 2003-ல் கிராஃபோர்ட் பரிசு கிடைத்தது. நோபல் கிடைக்காமலேயே 2012-ல் இறந்தார். நோபல் கமிட்டிகள் செய்த பெரிய விடுபடல்களில் இதுவும் ஒன்று.

அதற்குப் பின்னால் வந்த செய்திதான் இன்னும் ஆச்சரியம். கொதிக்கும் அமிலத்தில் வாழும் இந்த உயிர், பல விஷயங்களில் பாக்டீரியாவைவிட நமக்கு நெருக்கம். மியூனிக் நகரில் வோல்ஃப்ராம் ஸில்லிக் சல்ஃபோலோபஸின் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் என்சைமை ஆராய்ந்தபோது, அது பாக்டீரியாவின் என்சைம் போல எளிமையாக இல்லை. மனித செல்லில் இருப்பதைப் போலப் பல பாகங்களோடு இருந்தது. 2008-ல் இன்னொன்று தெரிந்தது. சல்ஃபோலோபஸ் ஒன்று இரண்டாகப் பிரியும்போது நடுவில் இறுக்கி வெட்டும் புரதங்கள், மனித செல் பிரிவதன் கடைசிக் கட்டத்தில் வேலை செய்யும் புரதங்களின் பங்காளிகள். எய்ட்ஸ் வைரஸ் நம் செல்லைவிட்டு வெளியேறத் திருடிப் பயன்படுத்துவதும் அதே புரதக் கூட்டத்தைத்தான். இன்று செல் பிரிவதன் சூட்சுமத்தைப் படிக்கிற பரிசோதனைச் சாலைகளில் 75 டிகிரிக்குச் சூடேற்றிய மைக்ராஸ்கோப்பின் கீழ் சல்ஃபோலோபஸ் பிரிவதைப் படம் பிடிக்கிறார்கள்.

இந்த அமிலத்திலும் இவற்றுக்கு நிம்மதி இல்லை. இவற்றைத் தாக்கவென்றே வைரஸ்கள் உண்டு. சில வைரஸ்கள் செல்லின் மேல் குட்டிப் பிரமிடுகளை எழுப்பி, வேளை வந்ததும் அவற்றைப் பூ விரிவது போலத் திறந்து வெளியேறுகின்றன.

யாருக்கு லாபம்?

2020-ல் இந்தியாவில் மூக்கைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் எல்லோஸ்டோனுக்குக் கடன்பட்டவர்கள். ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் உள்ள பி.சி.ஆர்., டி.என்.ஏ.வைப் பல கோடி மடங்காகப் படியெடுக்கும் முறை. சீட்டஸ் என்ற கலிபோர்னியக் கம்பெனியில் கேரி முல்லிஸுக்கு 1983-ல் உதித்த யோசனை. இதில் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வை 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் படியெடுக்கும் என்சைம் கெட்டுவிடும். சுற்றுக்குச் சுற்று புதிதாகச் சேர்க்க வேண்டும். சூட்டில் கெடாத என்சைம் வேண்டுமென்று தேடியபோது கைக்கு அகப்பட்டதுதான் தெர்மஸ் அக்வாட்டிகஸ். பிராக் அதை ஒரு பொதுச் சேமிப்பகத்தில் கொடுத்து வைத்திருந்தார். சிறு கட்டணம் கட்டி யாரும் வாங்கலாம். முல்லிஸுக்கு 1993-ல் நோபல். ஹாஃப்மன்-லா ரோச் நிறுவனம் 1991-ல் பி.சி.ஆர். உரிமையை 30 கோடி டாலருக்கு வாங்கியது. எல்லோஸ்டோனுக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை. பிராக்குக்கும்தான். அவர் 2021-ல் இறந்தார்.

பூங்கா நிர்வாகம் விழித்துக்கொண்டு 1997-ல் டைவர்சா என்ற கம்பெனியோடு லாபப் பங்கு ஒப்பந்தம் போட்டது. பொதுச் சொத்தை விற்பதா என்று சூழல் அமைப்புகள் வழக்குப் போட, சூழல் ஆய்வு செய்யாமல் ஒப்பந்தம் செல்லாது என்று 1999-ல் கோர்ட் நிறுத்தி வைத்தது. ஓர் ஊற்றின் கிருமி யாருடையது என்ற கேள்விக்கு அமெரிக்காவிலேயே பதில் சுலபமாகக் கிடைக்கவில்லை.

அமிலப் பிராணிகள் சம்பாதிக்கும் இடம் வேறு: சுரங்கம். கந்தகத்தோடு பிணைந்திருக்கும் தாமிரத்தைப் பாறையிலிருந்து பிரிக்க உலை மூட்டுவதற்குப் பதில், கந்தகத்தைத் தின்னும் நுண்ணுயிர்களை ஏவிவிடலாம். எல்லோஸ்டோன் அமில ஊற்றிலிருந்து இத்தகைய ஒன்றை 1960-களிலேயே பிரித்தெடுத்த ஜேம்ஸ் பிரையர்லியும் அவர் மனைவி கோரலும் இந்தத் துறையின் முன்னோடிகள். பிடிவாதமான சால்கோபைரைட் தாதுவை உடைக்க 70, 80 டிகிரியில் வேலை செய்யும் இனங்களே தோது என்பது நிரூபணமாகிவிட்டது. செலவுக் கணக்குதான் இன்னும் இடிக்கிறது.

நம் ஊர்க் குண்டங்கள்

இந்தியாவில் சுமார் 340 வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பட்டியலிட்டிருக்கிறது. பத்ரிநாத், யமுனோத்ரி, ராஜ்கிர், பக்ரேஷ்வர், வஜ்ரேஷ்வரி என்று பெயரைச் சொன்னாலே கோயிலும் குண்டமும் ஞாபகம் வரும். ஆனால் எல்லோஸ்டோனின் அமிலக் குழிகளை இங்கே எதிர்பார்க்க முடியாது. நம் நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலை அந்தமான் கடலில் பாரன் தீவில் இருக்கிறது. பெருநிலத்து ஊற்றுகள் பெரும்பாலும் மழைநீரும் பனிநீரும் ஆழப் பிளவுகளுக்குள் இறங்கிச் சூடேறித் திரும்பி வருபவை. நடுநிலையாகவோ காரமாகவோ இருக்கும். இந்தியாவில் அமில நீர் பார்க்க வேண்டுமானால் மேகாலயாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் ஓடைகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே பாறையின் கந்தகத்தை அமிலமாக்குவதிலும் நுண்ணுயிர்களுக்குக் கை உண்டு. நதி செத்ததுதான் மிச்சம்.

அமிலம் இல்லாவிட்டாலும் சூட்டுக்குக் குறைவில்லை. இமாசலத்தில் பார்வதி நதிக்கரையில் உள்ள மணிகரண் குருத்வாராவில் லங்கருக்கான அரிசியும் பருப்பும் பானைகளில் ஊற்று நீரிலேயே வேகின்றன. அந்தக் கொதிநீரிலிருந்து டெல்லி பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழு ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து, 2015-ல் தெர்மஸ் பார்வதியென்சிஸ் என்று பெயரிட்டது. பி.சி.ஆருக்கு என்சைம் கொடுத்த எல்லோஸ்டோன் பாக்டீரியாவின் நேர்ப் பங்காளி. யாத்திரிகர்கள் நூற்றாண்டுகளாகச் சோறு வடித்த தண்ணீரில் இருந்ததுதான்.

இன்று இதை வெளிநாட்டுக் கம்பெனி சும்மா எடுத்துப் போக முடியாது. 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், செடி, விலங்கோடு நுண்ணுயிர்களையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறது. அனுமதி தர வேண்டியது சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையம். இந்தச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டது. சண்டிகரில் நுண்ணுயிர்ச் சேமிப்பகமும் இருக்கிறது. சட்டம் தயார், அலமாரியும் தயார். அலமாரியில் வைப்பதற்கு முதலில் ஊற்று ஊற்றாகப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். பல ஊற்றுகள் அதற்குள் சிமென்ட் தொட்டிகளாகிவிட்டன.

அவசரம் அதிகம் தெரிவது லடாக்கில். கடல் மட்டத்துக்கு 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் புகா பள்ளத்தாக்கில் வெண்காரமும் கந்தகமும் படிந்த மண்ணுக்கு நடுவே ஊற்றுகள் ஆவி விடுகின்றன. அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொல்கத்தாவின் போஸ் இன்ஸ்டிட்யூட் விஞ்ஞானிகள் இங்கே லோட்டஸ் பாண்ட் என்ற ஊற்றை ஆராய்ந்தபோது, வெப்ப விரும்பிகளோடு, சாதாரணச் சூட்டில் மட்டுமே வளரும் என்று கருதப்பட்ட பாக்டீரியாக் குடும்பங்களும் கொதிநீரில் காணப்பட்டன. அவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது தனி ஆராய்ச்சி.

இதே புகாவில் பூமியின் சூட்டிலிருந்து 1 மெகாவாட் மின்சாரம் எடுக்க ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் எரிசக்தி மையம் 2021 பிப்ரவரியில் லடாக் நிர்வாகத்தோடும் லே மலைப்பகுதி வளர்ச்சிக் கவுன்சிலோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. குளிர் காலத்தில் டீசல் ஜெனரேட்டரை நம்பும் ஊர்களுக்கு அந்த மின்சாரம் வேண்டியதுதான். நியூசிலாந்தின் வைராக்கெய்யிலும் மின்சாரம் வேண்டித்தான் கிணறு தோண்டினார்கள். 1958-ல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பீச்சியடித்துக்கொண்டிருந்த ஊற்றுகள் சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அவற்றில் என்னென்ன வாழ்ந்தன என்று முழுமையாக எழுதி வைக்கப்படவில்லை. பிராக் எல்லோஸ்டோனுக்கு வரவே இன்னும் ஆறு வருஷம் இருந்தது.